காற்று எழும்பும் முன் ஊரைப் பார்த்துவிடுங்கள்

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். என் கணவர் போன வருடம் ராமேஸ்வரத்தில் கைட் சர்ஃபிங் என்ற, காற்றை நம்பி ஆடும் கடல் விளையாட்டைப் பழகத் தொடங்கினார். இந்த ஜூலை கடைசியில் அவருக்கு எட்டு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு அங்கேயே போகலாம் என்கிறார். நான்காம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் லீவு சொல்லியாயிற்று. 68 வயது மாமியாரும் வருகிறார். அத்தைக்கு 22 தீர்த்தம் ஆட வேண்டும். மகளுக்கு தனுஷ்கோடியும் அப்துல் கலாம் வீடும் பார்க்க வேண்டும். ஒரு டிராவல்ஸில், தினம் இரண்டு இடம் என்று எட்டு நாளுக்கும் வேன் போட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். கணவரோ, "காற்று எப்போது வரும் என்று நான் எப்படிச் சொல்வது? காற்று இருந்தால் நான் கடலில்தான் இருப்பேன்" என்கிறார். இதை வைத்து வீட்டில் இரண்டு முறை சண்டை வந்துவிட்டது. நான் வரலாறு படித்துவிட்டுக் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். கடலில் இறங்கும் ஆசை எனக்கு இல்லை. இந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்)

பதில் (புதுச்சேரியில் கடல் விளையாட்டுப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்துதரும் ஆலோசகர்):

சகோதரி, முன்பணம் கட்டாதீர்கள். வேன் வைப்பதில் தவறில்லை. திங்கள் தனுஷ்கோடி, செவ்வாய் உத்தரகோசமங்கை என்று இப்போதே தேதி எழுதிவிடுவதுதான் தவறு. அப்படி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு போகும் குடும்பங்களில் இரண்டாம் நாளே முகம் திருப்பிக்கொள்வது தொடங்கிவிடும். காற்று நன்றாக வீசும் நாளில் உங்கள் கணவர் வேனில் உட்கார்ந்திருப்பார், மனம் கடலில் இருக்கும். காற்று செத்த நாளில் நீங்கள் எல்லோரும் அறையில் இருப்பீர்கள், அன்றைக்கு வேன் இருக்காது.

உங்கள் கணவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது முழு நியாயம் இல்லை. காற்று எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாதுதான். ஒரு நாளுக்குள் எந்த நேரத்தில் வலுக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும். நீங்கள் போவது ஆடி மாதத்தில். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நாம் வீட்டில் சும்மா சொல்வோம். ராமேஸ்வரம் தீவில் அதை உடம்பில் உணர்வீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்து தீவின் மேல் தடையில்லாமல் அடிக்கும். அங்கே மலை இல்லை, காடு இல்லை, குறுக்கே நிற்க எதுவும் இல்லை. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று போகிற இந்த விளையாட்டுக்கு அந்த ஊர் பேர் வாங்கியதே அதனால்தான். பழகுகிறவர்களுக்கு 12 முதல் 20 நாட் வரை காற்று இருந்தால் போதும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஆடியில் இந்த வேகம் தொடர்ந்து பல நாள் கிடைக்கலாம். அதனால், "காற்றில்லாத நாள் வரட்டும், அன்றைக்கு ஊர் சுற்றலாம்" என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே விடுப்பு முடிந்துவிடக் கூடும்.

ஆகவே நாட்களைப் பங்கு போடாதீர்கள், ஒவ்வொரு நாளையும் பங்கு போடுங்கள். பெரும்பாலான நாட்களில் விடியற்காலையில் காற்று மட்டாக இருக்கும், வெயில் ஏற ஏற எழும்பும், பிற்பகலில் வலுக்கும். காலை ஐந்திலிருந்து பத்து வரை நால்வரும் சேர்ந்து ஊர் பாருங்கள். பதினொன்றுக்கு அவர் கடலுக்குக் கிளம்பட்டும். அதன் பிறகு அவர் அவர் வேலையைப் பார்க்கட்டும், நீங்கள் மூவரும் உங்கள் வேலையைப் பாருங்கள். எட்டு நாளும் ஓட வேண்டாம். நான்கு காலைப் பொழுது, இரண்டு பிற்பகல், ஒரு முழு நாள் போதும். மிச்ச நேரம் மதியத் தூக்கத்துக்கும் மீன் குழம்புக்கும்.

போக வேண்டிய இடங்களைத் தேதி இல்லாமல் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "காலை", "பிற்பகல்", "முழு நாள்" என்று குறித்துக்கொள்ளுங்கள். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கணவர் கைபேசியில் காற்றுக் கணிப்பைப் பார்த்து மறுநாளைச் சொல்லட்டும், நீங்கள் தாளிலிருந்து ஒன்றை எடுங்கள். மூன்று நாளுக்கு அப்பால் இருக்கும் கணிப்பை நம்பி வண்டி பேசாதீர்கள். தீவுக்குள் ஆட்டோவே போதும். ஒரு நல்ல ஆட்டோக்காரரை முதல் நாளே பிடித்து, ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணி மறுநாள் நேரம் சொல்வதாகப் பேசிக்கொண்டால் அவர்கள் சந்தோஷமாக வருவார்கள். தீவைத் தாண்டிப் போகும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுத்தால் போதும்.

முதலில் அத்தையின் 22 தீர்த்தம். இதை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முடித்துவிடுங்கள். அவர் மனம் நிறைந்துவிட்டால் மீதி நாள் எல்லாமே இலகுவாகிவிடும். விடியற்காலை ஐந்து மணிக்கு ராமநாதசுவாமி கோயிலில் ஸ்படிக லிங்க தரிசனம். பிறகு வெளியே வந்து அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், முழுக்குப் போட்டுவிட்டு ஈர உடையோடு உள்ளே போய்க் கிணறு கிணறாக நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். 68 வயதில் அதில் கஷ்டமான பகுதி தண்ணீர் இல்லை, தரை. ஆயிரக்கணக்கானவர்கள் சொட்டச் சொட்ட நடந்த கருங்கல், எப்போதும் வழுக்கும். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் மகன் என்று கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். இதற்கு உங்கள் கணவர் கட்டாயம் வர வேண்டும். அந்த நேரத்தில் அவருக்குக் கடலில் வேலை இல்லை என்பதால் மறுக்கக் காரணமும் இல்லை. மாற்றுத் துணியைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த துணியோடு மூலவர் சன்னதிக்கு விட மாட்டார்கள். நீர் ஊற்றி முடித்து உடை மாற்றிய பின் மூன்றாம் பிராகாரத்தை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். 1,200க்கும் மேற்பட்ட தூண்கள், ஒரு முனையில் நின்றால் மறுமுனை சிறு புள்ளியாகத் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் எழுப்பியது. வரலாறு படித்த உங்களுக்கு அந்தப் பெயர் மீண்டும் தேவைப்படும், கீழே சொல்கிறேன்.

டிக்கெட் போடுவதற்கு முன் பஞ்சாங்கத்தில் ஆடி அமாவாசை எந்தத் தேதி என்று பாருங்கள். அது உங்கள் எட்டு நாளுக்குள் விழுந்தால் அன்றும் அதற்கு முந்தின நாளும் கோயில் பக்கமே போகாதீர்கள். முன்னோருக்குத் திதி கொடுக்க ஊர் ஊராகக் கூட்டம் வரும், அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். அத்தைக்கு அன்றைக்கே முழுக வேண்டும் என்று இருந்தால் அது வேறு. அப்படியானால் மற்ற மூவரும் அவருக்குத் துணையாகப் போங்கள், வேறு எந்தத் திட்டமும் அன்று வேண்டாம். அதே மாதத்தில் ஆடித் திருக்கல்யாண விழாவும் நடக்கும். அந்தக் கூட்டம் அமாவாசைக் கூட்டத்தைப் போல் இராது. அம்மன் வீதியுலா வரும் மாலை கிடைத்தால் விடாதீர்கள்.

தனுஷ்கோடிக்குக் காலையில்தான் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை இப்போது நல்ல சாலை. பலரும் சூரியன் சாயும் நேரத்தில் போகலாம் என்று கிளம்புவார்கள். மாலையில் வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைவிடப் பெரிய காரணம், ஆடியில் பிற்பகல் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். சில நாள் சாலையையே மணல் மூடும், தென்பக்க அலை தடுப்புக் கல்லைத் தாண்டித் தெறிக்கும். ஒன்பது வயதுக் குழந்தை கண்ணைத் திறக்க முடியாமல் அழுதால் அந்த இடத்தைப் பற்றி அதுதான் அவள் நினைவில் நிற்கும். ஆறரைக்கு அங்கே இருந்தால் இரண்டு கடலையும் அமைதியாகப் பார்க்கலாம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், மறுபக்கம் பாக் நீரிணை குளம் மாதிரி கிடக்கும். அங்குள்ளவர்கள் ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது வடபக்கம் கொந்தளிக்கும், தென்பக்கம் அடங்கும் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

அங்கே இடிந்த தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. வெறுமனே படம் எடுத்துவிட்டு வராதீர்கள். 1914 முதல் சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் இங்கே நிற்கும், பயணிகள் இறங்கி நீராவிக் கப்பலில் ஏறி இலங்கையின் தலைமன்னார் போவார்கள். இடையில் இருப்பது சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து ஊரை எடுத்துக்கொண்டன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு அலை கொண்டுபோனது. சிதைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் அவர்தான். இந்தக் கதையைக் கடலூர்க் குழந்தைக்குச் சொல்ல வெளியாள் தேவையில்லை. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினமும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் உங்கள் தெருவும் எப்படி இருந்தன என்று அத்தையே அந்தச் சுவரின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. 1964 புயலில் தப்பியது. பத்து நிமிடம் இறங்கிப் பாருங்கள்.

கலாம் வீடும் பேக்கரும்பில் இருக்கும் நினைவிடமும் கூரைக்குக் கீழே இருப்பவை. அவற்றைக் காற்று அடிக்கும் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கணவர் கடலில் இருக்கட்டும். நினைவிடம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. அந்தத் தேதி அவருடைய நினைவு நாள், கூட்டமும் பிரமுகர்களும் வருவார்கள். நீங்கள் போவது ஜூலைக் கடைசி என்பதால் சொல்கிறேன், 27ஐத் தவிர்த்துவிடுங்கள்.

பாம்பன் பாலத்துக்கென்று தனியாக ஒரு நாள் வேண்டாம். திருப்பாதிரிப்புலியூரிலேயே ராமேஸ்வரம் ரயில் ஏறுங்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் மேலேயே போய்விடுவீர்கள். கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி லிஃப்ட் போல நேராக மேலே ஏறும். காலையில் மகளை எழுப்பி ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் அத்தைக்கு ஓர் ஆசை இருக்கிறது, மகளுக்கு இருக்கிறது, கணவருக்கு இருக்கிறது. உங்களுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. கடலில் இறங்க மாட்டேன் என்பது மட்டும் இருக்கிறது. கணவர் விளையாடுவதை ஈடுகட்ட மற்றவர்களுக்கு ஊர் காட்டுவது என்ற கணக்கில் நீங்கள் கிளம்பினால் எட்டாம் நாள் உங்களுக்குச் சோர்வுதான் மிஞ்சும். அதனால் அந்த முழு நாளை உங்களுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில் ராமநாதபுரம். அங்கே சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கிறது, தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. உள்ளே சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ராமாயணமும் இருக்கிறது, தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும் இருக்கிறது, ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கும் காட்சியும் இருக்கிறது. வரலாறு படித்தவர் இரண்டு மணி நேரம் நிற்கலாம். வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து திருப்புல்லாணி பெருமாள் கோயில் பக்கம், உத்தரகோசமங்கை சிவன் கோயிலும் பக்கம். அத்தைக்கும் அந்த நாள் வீணாகாது.

இன்னொன்று, பாம்பனுக்குத் தெற்கே குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் சிகாகோ பயணம் முடித்து இந்திய மண்ணில் இறங்கிய இடம். வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி, அந்தப் பயணத்துக்கு உதவியவர்களில் ஒருவர். நினைவு மண்டபம் இருக்கிறது. கோயில் பிராகாரம், அரண்மனை, குந்துகால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே அரச குடும்பத்தின் 200 வருடக் கதை உங்கள் கைக்கு வந்துவிடும். இதை எந்த வேன் பட்டியலும் உங்களுக்குத் தராது.

அந்த முழு நாளில் உங்கள் கணவர் வர வேண்டும், காற்று இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இதை அவரிடம் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அவருக்கும் இது நல்லதுதான். பழகும் நிலையில் தொடர்ந்து மூன்று நாள் பட்டத்தோடு போராடினால் தோளும் முன்கையும் இடுப்பும் கெஞ்சும். களைத்த உடம்போடு நான்காம் நாள் இறங்கும்போதுதான் பட்டம் கையை மீறும். நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள், கணிப்பில் காற்று குறைவாகவோ அளவு மீறியோ இருக்கும் நாளை அவரே தேர்ந்தெடுக்கட்டும். எல்லா நாளும் நல்ல காற்று என்றால் ஆறாம் நாள் உங்களுடையது. அதில் மறுபேச்சு இருக்கக் கூடாது. பதிலுக்கு மற்ற பிற்பகல்களில் "எப்போது வருவீர்கள்" என்று நீங்கள் போன் பண்ணாதீர்கள்.

ஒரு பிற்பகல் மட்டும் நீங்களும் மகளும் அவர் பழகும் கரைக்குப் போங்கள். பைக்குக் காவலாக உட்காரப் போக வேண்டாம், அவர் நிற்பதைப் பார்க்கப் போங்கள். அங்கே ஒரு விஷயம் கவனம். பட்டத்தின் கயிறுகள் 20 மீட்டருக்கு மேல் நீளம், இழுவை இருக்கும்போது தோலை அறுக்கும். பட்டம் ஏற்றும், இறக்கும் இடத்திலிருந்து காற்று போகும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. காற்று வரும் பக்கம், தள்ளி நில்லுங்கள். மணலில் கிடக்கும் கயிறைத் தாண்டி மகளை ஓட விடாதீர்கள். எங்கே நிற்கலாம் என்று போனதும் பயிற்சியாளரைக் கேளுங்கள். மகள் தானும் கற்க வேண்டும் என்று கேட்டால், அவள் எடைக்கு இது இன்னும் சில வருடம் போகட்டும் என்று சொல்லுங்கள். குளிக்க ஆசைப்பட்டால் பாலத்தைத் தாண்டி மண்டபம் பக்கத்தில் அரியமான் கடற்கரை இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் ஆடியில் அலை குறைவு, சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு. அத்தை பாய் விரித்து உட்காரலாம்.

டிராவல்ஸ்காரர்கள் பட்டியலில் தனுஷ்கோடி பூநாரை என்று போட்டிருந்தால் அடித்துவிடுங்கள், அவை குளிர்காலத்தில் வருபவை. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் படகு என்று போட்டிருந்தால் அதையும் நம்பாதீர்கள். ஆடியில் தென்கடல் இருக்கும் இருப்பில் பல நாள் படகு எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் அத்தையை ஏற்றாதீர்கள். அந்த இரண்டும் வேண்டுமென்றால் தை, மாசியில் தனியாக ஒரு முறை போங்கள். அப்போதும் வாடைக்காற்று இருக்கும், உங்கள் கணவர் மறுக்க மாட்டார்.

கடைசியாக அறை. கைட் பழகும் இடத்துக்குப் பக்கத்தில் தங்கலாம் என்று அவர் சொல்வார். அங்கே சுற்றிலும் மணல்தான் இருக்கும், அவசரத்துக்கு மாத்திரை வாங்கக்கூட ஆட்டோ பிடிக்க வேண்டும். அத்தையும் குழந்தையும் இருப்பதால் கோயில் ஊருக்குள்ளேயே, லிஃப்ட் உள்ள லாட்ஜில், கீழ்த்தளத்திலோ முதல் மாடியிலோ அறை எடுங்கள். காலையில் கோயிலுக்கு நடந்தே போகலாம். பதினொன்றுக்கு அவர் ஆட்டோவில் கடலுக்குப் போய்க்கொள்ளட்டும்.